கரீபியனில் டைவிங் போக எந்தத் தீவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு ஸ்கூபா (சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது) என்றால் பக்கத்தில் இருப்பது கரீபியன் கடல்தான். ஓப்பன் வாட்டர் என்ற தொடக்க நிலைச் சான்றிதழ் கைக்கு வந்த மறுவாரமே தீவுகளின் பெயர்களை வரிசையாக எழுதி அனுப்பி, இதில் எது என்று கேட்பார்கள். போனேர், கோஸுமெல், கேமன், ரொவாட்டான் ஆகிய நான்கும் அந்த வரிசையில் கட்டாயம் இருக்கும். அப்படி வந்த கேள்விகளுக்கு நான் சொல்லி வரும் பதில்களை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

எந்தத் தீவு சிறந்தது? ஒரே வார்த்தையில் சொல்ல முடியாதா?

முடியாது. தண்ணீரின் சூடும் தெளிவும் இந்த நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆண்டு முழுக்க 26 முதல் 29 டிகிரி செல்சியஸ். நல்ல நாளில் இருபது, முப்பது மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரியும். மீன்களும் பெரும்பாலும் அதே மீன்கள். வேறுபடுவது நீங்கள் தண்ணீருக்குள் எப்படி இறங்குகிறீர்கள் என்பது. நினைத்த நேரத்தில், வழிகாட்டி இல்லாமல், கரையிலிருந்து நடந்து இறங்க வேண்டுமா? படகில் போய்க் குதித்து நீரோட்டத்தோடு மிதக்க வேண்டுமா? கீழே தரை தெரியாத செங்குத்துச் சுவரின் ஓரத்தில் தொங்க வேண்டுமா? குறைந்த செலவில் கற்றுக்கொள்ள வேண்டுமா? இதை முடிவு செய்துவிட்டால் தீவு தானாக வந்து நிற்கும்.

விடாமல் கேட்பவர்களுக்கு என் கணக்கு இது: சான்றிதழ் வாங்கி மை காயாதவர்களுக்கு ரொவாட்டான். சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றையும் திசையையும் தாங்களே பார்த்துக்கொள்ளும் ஜோடிக்குப் போனேர். மிதப்பைக் கட்டுப்படுத்த (மேலே எழும்பாமலும் கீழே அமிழாமலும் ஒரே ஆழத்தில் நிற்க) தெரிந்து, பொறுப்பை வழிகாட்டியிடம் விட விரும்புபவருக்குக் கோஸுமெல். பணம் ஒரு பொருட்டில்லை, கூட்டம் ஆகாது என்றால் லிட்டில் கேமன்.

போனேரில் படகே வேண்டாம் என்கிறார்களே, அது எப்படி?

போனேர் வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் சின்ன டச்சுத் தீவு. காற்று எந்நேரமும் கிழக்கிலிருந்து அடிப்பதால் கிழக்குக் கரை கொந்தளித்துக்கொண்டே இருக்கும், மேற்குக் கரை அடங்கிக் கிடக்கும். அந்த மேற்குக் கரை நெடுகச் சில நிமிட நீச்சல் தூரத்திலேயே பவளத்திட்டு தொடங்குகிறது. சாலையோரத்தில் மஞ்சள் சாயம் பூசிய கற்கள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் அந்த இடத்தின் பெயர் எழுதியிருக்கும். கல்லைக் கண்டதும் வண்டியை ஓரங்கட்டி இறங்க வேண்டியதுதான். இப்படிக் கரையிலிருந்தே இறங்கும் இடங்கள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். விமான நிலையத்திலேயே பிக்-அப் வண்டியை வாடகைக்கு எடுக்கிறீர்கள். காலையில் சிலிண்டர் நிரப்பும் இடத்துக்கு வண்டியோடு உள்ளே போய், நான்கு சிலிண்டர்களைப் பின்னால் ஏற்றுகிறீர்கள். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) என்றால் ஆக்சிஜன் அளவை நீங்களே கருவி வைத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு தெற்கா வடக்கா என்பது உங்கள் இஷ்டம். கரையில் மணல் குறைவு. செத்த பவளத் துண்டுகள் குவிந்து கிடக்கும். அதன் மேல் முதுகில் இருபது கிலோ சுமையோடு நடக்கும்போது கணுக்கால் புரளும். அடி தடித்த பூட்ஸ் இல்லாமல் போனேருக்குப் போகாதீர்கள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரை நடந்து, அங்கே நின்று ஃபின் (காலில் போடும் துடுப்பு) மாட்டிக்கொண்டு நீந்த வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் திட்டின் விளிம்பு வரும். அங்கிருந்து முப்பது மீட்டருக்கும் கீழே சரிவு. நீரோட்டத்தை எதிர்த்து முதலில் போய், சிலிண்டர் காற்று பாதியை நெருங்குவதற்குள் திரும்பி, ஓட்டத்தோடு வந்து சேர்வதுதான் இங்கே எல்லோரும் செய்வது. இறங்குமுன் விளிம்பில் எந்தப் பவளத்துக்கு நேரே உங்கள் வழி இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பவளமும் திரும்பி வரும்போது ஒரே மாதிரி தெரியும்.

கடலுக்கு வெளியே ஒரு தொல்லை உண்டு. நிறுத்திய வண்டியில் திருட்டு நடக்கும். ஊர் வழக்கம் என்னவென்றால், கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவைப் பூட்டாமல், உள்ளே செருப்பும் தண்ணீர்ப் பாட்டிலும் மட்டும் வைத்துவிட்டு இறங்குவது. பூட்டினால் கண்ணாடியை உடைப்பான். சாவியை உங்களோடுதான் கொண்டுபோக வேண்டும். ரிமோட் சாவி என்றால் நீர் புகாத டப்பா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், எங்கே இறங்குவது? ஹில்மா ஹூக்கர் என்ற 72 மீட்டர் சரக்குக் கப்பல் 1984இல் மூழ்கி முப்பது மீட்டர் ஆழத்தில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. கஞ்சா கடத்திப் பிடிபட்ட கப்பல் அது. தெற்கே உப்பளங்களுக்கு எதிரில் உப்பு ஏற்றும் பாலம் இருக்கிறது; அதன் தூண்கள் முழுக்கக் கடற்பஞ்சு மூடியிருக்கும், தூண்களுக்கு நடுவே மீன் கூட்டம் நிற்கும். கப்பல் வந்து நிற்கிற நாளில் அங்கே இறங்க அனுமதி இல்லை. வடக்கே 'ஆயிரம் படி' என்று ஓர் இடம். எண்ணினால் எழுபதைக்கூடத் தொடாது. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும்போது பெயர் சரிதான் என்று தோன்றும்.

இரவு டைவ் ஒன்றாவது போய்விடுங்கள். டார்பன் என்ற ஆளுயர வெள்ளி மீன் உங்கள் விளக்கை நம்பி வேட்டையாடும். பின்னாலிருந்து தோளை உரசுகிற மாதிரி வந்து, விளக்கு வெளிச்சத்தில் மாட்டிய சின்ன மீனை விழுங்கிவிட்டுப் போகும். முதல் தடவை, வாயில் கவ்வி மூச்சு விடும் ரெகுலேட்டரை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்வதே பெரிய விஷயம். அதன் பிறகு, பாவமே என்று எந்தச் சின்ன மீன் மேலும் வெளிச்சத்தை நிறுத்தி வைக்க மாட்டீர்கள்.

தீவைச் சுற்றிய கடல் முழுக்க, அறுபது மீட்டர் ஆழம் வரை, 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. பூங்காக் கட்டணம் கட்டி, முதல் நாள் விதிமுறை விளக்கம் கேட்டு, கரையோரம் ஒரு சோதனை டைவ் முடித்த பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போகலாம். நங்கூரம் போடவே கூடாது. பணம் அமெரிக்க டாலர்தான், 2011 முதல்.

கோஸுமெல் நீரோட்டம் பயங்கரம் என்கிறார்கள். புதியவர் போகலாமா?

போகலாம், இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு, படகில் ஆறு, எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாத, அனுபவத்தைப் பார்த்துக் குழு பிரிக்கிற கடையாகத் தேட வேண்டும்.

மெக்சிகோவின் யுகாத்தான் கரைக்கும் இந்தத் தீவுக்கும் நடுவே ஓடும் நீரோட்டம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே போகும். படகு உங்களை ஓர் இடத்தில் இறக்கிவிடும். நீங்கள் காலை அசைக்காமல் போய்க்கொண்டே இருப்பீர்கள். படகு மேலே உங்கள் குமிழிகளைப் பின்தொடர்ந்து வரும். நேரம் முடிந்ததும் வழிகாட்டி ஆரஞ்சு மிதவையை மேலே அனுப்புவார், எந்த இடத்தில் எழுந்தீர்களோ அங்கே வந்து ஏற்றிக்கொள்வார்கள். இதில் உழைப்பே இல்லை. பிடித்த மீனைப் பார்த்துவிட்டு ஐந்து மீட்டர் திரும்பிப் போக நினைத்தால்தான் தொல்லை: காற்று ஒரே மூச்சாகத் தீரும், குழுவும் போய்விடும். போனதைப் போனதாக விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கான கடல் அது. புகைப்படக்காரர்கள் கொஞ்சம் அலுத்துக்கொள்வார்கள்.

பலங்கார் பகுதியில் பவளக் குன்றுகளுக்கு நடுவே குகை மாதிரி வழிகள் இருக்கும். உள்ளே நுழைந்து வெளிச்சம் தெரியும் பக்கமாக நீலத்துக்குள் வெளியேறலாம். சாந்தா ரோசா செங்குத்துச் சுவர், ஓட்டம் வேகமாக இருக்கும். தெற்கு முனையில் 'சாத்தானின் தொண்டை' என்றொரு குறுகிய சுரங்கம் இருக்கிறது, நாற்பது மீட்டரை நெருங்கும் ஆழத்தில் வெளியே வரும். ஓப்பன் வாட்டர் சான்றிதழோடு அங்கே கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தக் கடையை மாற்றுங்கள்.

இந்தத் தீவுக்கே உரியவர் ஒருவர் இருக்கிறார்: தேரை மீன். பவளத் திட்டின் அடியில், மணலோடு மணலாகப் பள்ளம் பறித்துக்கொண்டு, தலையை மட்டும் நீட்டிப் படுத்திருக்கும். முகம் முழுக்கச் சாம்பலும் வெள்ளையுமாக வரிகள், தாடையில் தாடி போலத் தொங்கும் இழைகள், துடுப்பின் ஓரம் மட்டும் பளிச்சென்ற மஞ்சள். சில சமயம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் கரகரப்பு காதில் விழும். உலகத்தில் வேறெங்கும் இதைத் தேடிப் பார்ப்பது கடினம்.

குளிர்காலத்தில் 'நோர்த்தே' என்று வட காற்று அடிக்கும். அப்போது துறைமுக அதிகாரி சிறு படகுகளை வெளியே விடமாட்டார். ஒரு நாள், சில சமயம் இரண்டு, மூன்று நாள்கூடச் சும்மா உட்கார நேரிடும். ஆகவே டிசம்பர், ஜனவரியில் போனால் மூன்று நாள் பயணமாகப் போகாதீர்கள். அதே மாதங்களில்தான் வடக்குப் பக்கம் புள்ளித் திருக்கைக் கூட்டமும் வரும் என்பதால், தள்ளிப்போடவும் மனம் வராது.

கேமனில் மூன்று தீவுகள் இருக்கின்றனவே?

கிராண்ட் கேமன் குடும்பத்துக்கு. லிட்டில் கேமன் டைவருக்கு. கேமன் பிராக் போர்க்கப்பலுக்கு.

கிராண்ட் கேமனில் கிட்டிவேக் என்ற 77 மீட்டர் அமெரிக்கக் கடற்படைக் கப்பலை 2011இல் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். 1986இல் வெடித்த சேலஞ்சர் விண்கலத்தின் மிச்சங்களைக் கடலிலிருந்து எடுக்கப் போன கப்பல்களில் அதுவும் ஒன்று. நிமிர்ந்து நின்றது, 2017இல் புயல் அலையில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. ஆழம் குறைவு, புதியவர்களுக்கும் பயமில்லை. திருக்கைகள் கூடும் மணல்திட்டும் இங்கேதான். முன்பு மீனவர்கள் அங்கே மீனைச் சுத்தம் செய்து கழிவைப் போடுவார்கள், அதற்குப் பழகி வந்த திருக்கைகள் இன்னும் வருகின்றன. குழந்தைகளுக்குப் பிடிக்கும். உல்லாசக் கப்பல் வந்து நிற்கும் நாளில் மட்டும் போகாதீர்கள், மீனைவிட மனிதக் கால்தான் தெரியும்.

லிட்டில் கேமனில் நிரந்தரமாக வாழ்பவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. ப்ளடி பே சுவர் அங்கே ஆறு மீட்டரிலேயே தொடங்கி நேராகக் கீழே, முந்நூறு மீட்டருக்கும் அப்பால் இறங்குகிறது. மேலே ஆறு மீட்டரில் சுவரின் உச்சி என்பது சின்ன விஷயம் இல்லை. மற்ற இடங்களில் சுவரைப் பார்க்க இருபது, இருபத்தைந்து மீட்டர் இறங்கி, பத்து நிமிடத்தில், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கைக்கணினி விரட்ட ஏறி வர வேண்டும். இங்கே ஆழம் குறைவு என்பதால் ஒரு மணி நேரம்கூடச் சுவரோடு இருக்கலாம். மாலையில் செய்ய அங்கே வேறு வேலை இல்லை, தூங்கலாம்.

கேமன் பிராக்கில் சோவியத் காலத்தில் கட்டி கியூபாவிடம் இருந்த போர்க்கப்பல் ஒன்றை 1996இல் மூழ்கடித்தார்கள், பீரங்கிகளோடு.

விலையைச் சொல்லிவிடுகிறேன். கேமன் டாலர் ஒன்று 1.20 அமெரிக்க டாலர். உணவகப் பட்டியலில் பார்த்த எண்ணை அப்படியே நம்பி ஆர்டர் செய்துவிட்டு, பில் வந்ததும் விழிப்பவர்கள் நிறைய.

ரொவாட்டானா, உட்டிலாவா?

இரண்டும் ஹோண்டுராஸைச் சேர்ந்தவை, இரண்டுக்கும் லா செய்பா நகரிலிருந்து படகு உண்டு. உட்டிலா முதுகுப்பை இளைஞர்களின் ஊர். கரீபியனிலேயே குறைந்த செலவில் சான்றிதழ் வாங்க அங்கேதான் போவார்கள். வாரம் ஒன்று என்று வந்து, டைவ்மாஸ்டர் (மற்றவர்களை வழிநடத்தும் தகுதி) பயிற்சி முடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். திமிங்கலச் சுறாவும் அங்கே வரும். அதை மட்டும் நம்பி டிக்கெட் போடாதீர்கள், அது யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

ரொவாட்டானில் கரையிலிருந்து ஐந்து, பத்து நிமிடப் படகுப் பயணத்தில் டைவ் இடம் வந்துவிடும். நீரோட்டம் மென்மை. ஒரு டைவ் முடித்து, கரைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். படகில் வாந்தி எடுப்பவர்களுக்கு இது பெரிய வரம். எல் அகிலா என்ற கப்பல் 1998 மிட்ச் புயலில் மூன்று துண்டாக உடைந்து கிடக்கிறது. கடற்கரையில் மணல் ஈ கடிக்கும், கண்ணுக்கே தெரியாது, அரிப்பு ஒரு வாரம் இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கொஞ்சம் தப்பிக்கலாம். நம் வீட்டில் அதற்குப் பஞ்சமா என்ன.

பெலீஸின் நீலக்குழியைப் பார்க்காமல் விட்டால் நஷ்டமா?

வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறீர்கள். முந்நூறு மீட்டருக்கும் அதிகமான அகலம், 124 மீட்டர் ஆழம், கருநீல வட்டம். உள்ளே இறங்கினால் இருட்டும் பாறையும்தான். நாற்பது மீட்டரில் பழைய சுண்ணாம்புக் குகையின் தொங்கு பாறைகள் இருக்கின்றன. கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில் காற்று வெளியில் உருவானவை. அவற்றுக்கு நடுவே நின்று பார்க்கச் சில நிமிடம் கிடைக்கும், உடனே ஏற வேண்டும். அதற்காக விடியற்காலையில் கிளம்பி இரண்டு மணி நேரத்துக்கு மேல் படகில் குலுங்க வேண்டும். நிலவியல் பிடித்தவர் போகட்டும். மற்றவர்களுக்கு அதே பயணத்தில் அடுத்து வரும் ஹாஃப் மூன் கேயின் சுவர்தான் மனதில் நிற்கும்.

புயல் காலத்தில் போகலாமா? டிக்கெட் மலிவாக இருக்கிறதே.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் வரை உச்சம். மலிவு அதனால்தான். புயல்கள் பெரும்பாலும் தீவுக் கூட்டத்தின் கிழக்கிலிருந்து வந்து வடமேற்கே வளையும், அதனால் தெற்குக் கோடியில் 12 டிகிரி வடக்கில் இருக்கும் போனேர், குராசாவ், அரூபா மூன்றும் பெரும்பாலும் தப்பிவிடும். செப்டம்பரில்தான் லீவு கிடைக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போனேர். அதுவும் நூறு சதவீதப் பாதுகாப்பு இல்லை. 1999இல் லென்னி புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கே போனது. தூரத்திலிருந்தே அதன் அலைகள் போனேரின் அமைதியான மேற்குக் கரையை உடைத்துப் போட்டன.

கோஸுமெல் 2005இல் வில்மாவிடம் நன்றாக வாங்கியது. 2025 அக்டோபரில் மெலிசா ஜமைக்காவைப் புரட்டிப் போட்டது. செப்டம்பர், அக்டோபரில் வடக்குத் தீவுகளுக்குப் போனால், பயணக் காப்பீட்டைப் புயலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். பெயர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்குச் செல்லாது. ஹோண்டுராஸ் தீவுகளுக்கு மழைக்காலம் தனி. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை கொட்டும், தண்ணீரும் கலங்கும்.

அந்தமான், மாலத்தீவு பார்த்தவன் நான். கரீபியன் ஏமாற்றுமா?

கொஞ்சம் ஏமாற்றும். மீன் வகை இங்கே குறைவு. கோமாளி மீன் அட்லாண்டிக்கிலேயே கிடையாது, கடல் பாம்பும் கிடையாது, ராட்சதச் சிப்பியும் கிடையாது. அதற்குப் பதிலாக, ஆள் உட்காரும் அளவுக்குப் பீப்பாய் போன்ற கடற்பஞ்சுகளும், அலைக்கு ஏற்றபடி ஒன்றாக ஆடும் ஊதாக் கடல் விசிறிகளும் இங்கே உண்டு. இந்தியப் பெருங்கடலில் கண்ணைப் பறிப்பது மீன் கூட்டம் என்றால், இங்கே திட்டின் அமைப்பும் தண்ணீரின் தெளிவும். கடலாமை, அஞ்சாலை, களவா, செவிலிச் சுறா எல்லாம் பழகிய முகங்கள்தான்.

இந்தியாவில் இருந்துகொண்டு டைவிங்குக்காக மட்டும் கரீபியன் வரலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும் செங்கடலோ இந்தோனேசியாவோ அதிகம் தரும். அமெரிக்காவில் மகன், மகளைப் பார்க்க வருகிற பயணத்தோடு சேர்த்தால் சரி.

பவளம் எல்லாம் செத்துவிட்டது என்கிறார்களே?

எல்லாம் இல்லை, ஆனால் நிறைய. 2014இல் மயாமி பக்கம் ஒரு நோய் தொடங்கியது. கல் பவளங்களின் சதை சில வாரங்களில் உரிந்து வெறும் வெள்ளை எலும்பு மிஞ்சும். மூளைப் பவளமும் தூண் பவளமும் முதலில் போகும். 2018இல் கோஸுமெல், 2020இல் கேமனும் ரொவாட்டானும், 2023இல் போனேர் என்று அது நடந்து வந்தது. 2019இல் கோஸுமெல் தெற்குப் பகுதியையே கொஞ்ச காலம் மூடிவைத்தார்கள். 2023 கோடையில் கடல் சூடு ஏறிப் பவளங்கள் வெளுத்தது அதற்கு மேல் விழுந்த அடி. இதற்கெல்லாம் வெகு முன்பே, 1983–84இல், பாசியை மேய்ந்து பவளத்தைக் காப்பாற்றிய நீள்முள் கடல் முள்ளெலிகள் கரீபியன் முழுக்கச் செத்துப்போயின. அந்த இழப்பிலிருந்து திட்டுகள் இன்னும் மீளவில்லை.

பத்து வருடத்துக்கு முந்தைய வீடியோவைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். சுவர்கள், கடற்பஞ்சு, கடல் விசிறி, மீன் இவை இன்னும் இருக்கின்றன. ஒரு தீவில் போட்ட ஃபின்னையும் டைவ் உடையையும் கிருமிநாசினியில் அலசாமல் அடுத்த தீவில் போடாதீர்கள்.

விசா எப்படி?

இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை, அந்த வகையில் கோஸுமெல் எளிது. டொமினிக்கா, பார்படோஸ், ஜமைக்கா ஆகியவை இந்தியர்களிடம் விசா கேட்பதில்லை. ஆனால் அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விதி வேறு. மற்ற தீவுகளுக்கு டிக்கெட் எடுக்குமுன் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தைப் பாருங்கள், விதிகள் அடிக்கடி மாறும்.

எச்-1பியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். மீன் பார்க்கப் போய்த் தூதரக வாசலில் நிற்க வேண்டாம்.

மனைவி, குழந்தைகள் டைவ் செய்ய மாட்டார்கள். எங்கே போவது?

கிராண்ட் கேமன், அல்லது கோஸுமெல். காலை இரண்டு டைவ் முடித்து ஒரு மணிக்குள் திரும்பிவிடலாம், மதியத்துக்கு மேல் குடும்பத்தோடு. போனேரில் குளிக்கிற மாதிரி மணல் கடற்கரை குறைவு. பூநாரையையும் உப்பு மலையையும் ஒரு நாளில் பார்த்துவிடுவார்கள், அப்புறம் வீட்டில் சண்டைதான்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். மெக்சிகோவில் பீன்ஸை மசித்து வதக்கும்போது பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது உண்டு, 'மந்தேக்கா' இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ரொவாட்டானில் பலேயாதா என்று, கோதுமை ரொட்டிக்குள் பீன்ஸும் சீஸும் வைத்து மடித்துத் தருவார்கள், மலிவு, வயிறு நிறையும். டச்சுத் தீவுகளில் சுரினாம் வழியாக வந்த இந்திய ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கண்ணில் பட்டால் விடாதீர்கள். போனேரில் பெரும்பாலான தங்குமிடங்களில் சமையலறை இருக்கும். சின்ன குக்கர் கொண்டுபோகிறவர்களை நான் கிண்டல் செய்வதில்லை.

அங்கேயே போய்ச் சான்றிதழ் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் விடுமுறையில் இரண்டு நாள் வகுப்பறைக்கும் நீச்சல் குளத்துக்கும் போய்விடும். பாடத்தையும் குளப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்து, அதற்கான கடிதத்தோடு போனால், கடலில் செய்ய வேண்டிய நான்கு டைவை இரண்டு நாளில் முடித்துவிடலாம். ரொவாட்டானும் உட்டிலாவும் இதற்கு ஏற்றவை. கண்ணாடி போடுபவர்கள் பவர் வைத்த மாஸ்க்கை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் போகாத தீவு ஏதாவது?

அனுபவம் இருந்தால் சாபா. நானூறு மீட்டர் ஓடுதளத்தில் விமானம் இறங்குவதே தனி அனுபவம். கடலுக்கு அடியில் எரிமலைக் கூம்புகள் ஆழத்திலிருந்து எழுந்து, இருபத்தைந்து, முப்பது மீட்டரில் உச்சி காட்டும், புதியவர்களுக்கு இல்லை. கிரெனடாவில் 1961இல் தீப்பிடித்து மூழ்கிய பியாங்கா சி என்ற 180 மீட்டர் பயணிகள் கப்பல் இருக்கிறது, அதுவும் ஆழம். அதே தீவில் மோலினியர் விரிகுடாவில் 2006இல் வைத்த சிற்பங்களை ஸ்நார்க்கல் போட்டே பார்க்கலாம்.

என் மனதுக்குப் பிடித்த யோசனை குவாதலூப். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டது. மேற்குக் கரையில் புயாந்த் ஊருக்கு எதிரே இரண்டு சின்னத் தீவுகள், புறாத் தீவு என்று பெயர், திருகோணமலைக்காரர்களுக்குப் பழகிய பெயர்தான். அங்கே பாதுகாக்கப்பட்ட கடலில், கடலடி உலகைப் படமெடுத்துக் காட்டிய பிரெஞ்சுக்காரர் குஸ்தோவின் மார்பளவுச் சிலையைத் தண்ணீருக்குள் வைத்திருக்கிறார்கள். 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தத் தீவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். மொழி போய்விட்டது, மாரியம்மன் இருக்கிறாள். சாப்பாட்டில் 'கொலொம்போ' என்று மெனுவில் இருந்தால் அது நம் மசாலாக் குழம்பின் பேரன். டைவ் கடைகள் பிரெஞ்சு முறையில் நடக்கும்: உங்கள் நிலையைப் பார்த்து ஆழத்தை அவர்கள் தீர்மானிப்பார்கள், மருத்துவச் சான்றிதழும் கேட்கலாம். கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்தால் நல்லது.

ஒரு வாரத்தில் இரண்டு தீவு பார்த்துவிடலாமா?

வேண்டாம். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால், அழுத்த நோய் (அழுத்தம் சட்டென்று குறையும்போது உடலில் வாயுக் குமிழிகள் உண்டாவது) வராமலிருக்க, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும், பலர் 24 வைத்துக்கொள்கிறார்கள். போனேரிலிருந்து குராசாவுக்கு அரை மணி நேரக் குட்டி விமானம் என்றாலும் கணக்கு அதேதான். ஆகவே ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு நாள் போகும். ஒரே தீவில் இருந்து, ஒரே இடத்தில் இரண்டு, மூன்று முறை இறங்குங்கள். முதல் தடவை பார்க்காத கடல் குதிரை இரண்டாவது தடவைதான் தெரியும்.

காப்பீடு கட்டாயமா?

சட்டப்படி பெரும்பாலும் இல்லை. ஆனாலும் டைவிங்குக்கென்று தனியாக எடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு அழுத்த நோய்க்குப் பணம் தராமல் கைவிரிக்கலாம். போனேர், கோஸுமெல், கிராண்ட் கேமன், ரொவாட்டான் நான்கிலும் அந்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உண்டு. லிட்டில் கேமனில் இல்லை, கிராண்ட் கேமனுக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவு உங்கள் முழு விடுமுறைச் செலவையும் தாண்டும்.

கையுறை போடலாமா? சிங்கமீனைக் குத்தலாமா?

போனேரிலும் கோஸுமெல் பூங்காவிலும் கையுறைக்குத் தடை. கையுறை இருந்தால் பவளத்தைப் பிடிக்கத் தோன்றும் என்பதால்தான். தோல் பிரச்சினை இருந்தால் மருத்துவர் கடிதத்தோடு முன்கூட்டியே கேளுங்கள்.

சிங்கமீன் அந்தமானிலும் இலங்கையிலும் ஊர்க்காரர். இங்கே வெளியாள்: கேட்க எதிரி இல்லாமல் பெருகி, குஞ்சு மீன்களையெல்லாம் தின்று தீர்க்கிறது. அதனால் அதை வேட்டையாடுவதை ஊக்குவிக்கிறார்கள், ஆனால் உள்ளூர் அனுமதியும் பயிற்சியும் இல்லாமல் ஈட்டியைத் தொடக்கூடாது. முதுகு முள்ளில் விஷம், குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் கையை வைத்திருக்க வேண்டும். குத்த முடியாதவர்கள் உணவகத்தில் கேட்டுப் பாருங்கள். முள்ளை நீக்கிவிட்டால் சதை வெள்ளையாக, மென்மையாக இருக்கும், வறுத்துச் சாப்பிட நன்றாக இருக்கும்.